திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்குத் திரண்டு வாருங்கள்!

தோழர்களே! மனநலப் பாதிப்போடு வாழ்பவர்களே, அவர்களைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவரும் பெற்றோரே, உடன்பிறந்தோரே!

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேரைப் பறிகொடுத்தோம். எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்று சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல்தான் பிறந்தது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவைப் படியுங்கள். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள், சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி எல்லா அரசு மருத்துவமனைகளிலும், எந்நேரமும், இலவசமாகக் கிடைக்க வேண்டும். மாவட்டத்தில் அரசின் அடிப்படை மனநலச் சேவை இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறிடத்தில் பெறும் சிகிச்சைக்கு அரசே செலவை ஏற்க வேண்டும். குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 19ஆம் பிரிவு.

நடப்பது என்ன? அன்றைய கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்து, மதியம்வரை வரிசையில் நின்ற தாய்க்கு மருந்து கொடுக்கும் ஜன்னலில் கிடைக்கும் பதில்: "ஓலன்சபின் ஸ்டாக் இல்லைம்மா, வெளியே வாங்கிக்கோங்க." வாங்கப் பணமில்லை. மாத்திரை நிற்கிறது. மகனுக்குத் தூக்கம் கெடுகிறது, காதில் குரல்கள் திரும்புகின்றன, வேலை பறிபோகிறது. பயந்துபோன வீடு அறைக்கதவை வெளியே தாழிடுகிறது. சட்டம் அறுத்த சங்கிலியை மருந்துத் தட்டுப்பாடு மறுபடியும் பூட்டுகிறது!

இதைப் பொறுக்கலாமா? வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் அவரவர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திரளுவோம். மருந்துச் சீட்டு, வெளியே வாங்கிய பில், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வாருங்கள். கேட்பது மூன்று: தட்டுப்பாடில்லாத மருந்து, தாலுகா மருத்துவமனைகளில் தவறாத மனநல மருத்துவர் வருகை, வீடில்லாதோருக்கு ஊருக்குள்ளேயே இடைநிலை இல்லங்கள். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் நகராதீர்கள். பதில் வராவிட்டால் மனநல மீளாய்வு வாரியத்துக்குப் போவோம். சேவைக் குறைபாடு குறித்துப் புகார் செய்யும் உரிமையையும் இதே சட்டம் தந்திருக்கிறது.

நோயைச் சொல்லக் கூச்சப்பட்டு நாம் ஒதுங்கி நின்றது போதும். எழுத்தில் இருக்கும் உரிமையை மருந்து ஜன்னலுக்குக் கொண்டுவர வேண்டியவர்கள் நாம்தான். வர இயலாதவரின் சீட்டையும் சேர்த்து எடுத்து வாருங்கள். ஒருவர்கூட விடுபடக் கூடாது. புறப்படுங்கள், தோழர்களே!