நஞ்சராயன் குளத்துக்குப் பட்டம் கிடைச்சாச்சு. மத்த குளங்களுக்கு?

திருப்பூர் மக்களே!

2024 ஆகஸ்டில் நம்ம நஞ்சராயன் குளம் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயம் ஆனது. சுமார் 125 ஹெக்டேர் பரப்பு. குளத்திலும் சுற்றுவட்டாரத்திலும் 191 வகைப் பறவைகள். பனியன் ஊருன்னா சாயத்தண்ணிதான்னு பேசினவங்க வாயை இந்தக் குளம் அடைச்சிருக்கு. வருஷக்கணக்கா கரையில் நின்று பறவை எண்ணிய உள்ளூர் ஆர்வலர்களுக்கு நன்றி சொல்லியே ஆகணும்.

ஆனா, பட்டத்தால தண்ணி சுத்தமாகிடாதுங்க. குளத்துக்கு நீர் வருவது நல்லாறு வழியாக. சரணாலயம் வனத்துறையிடம், ஓடை நீர்வளத்துறையிடம். அதில் விழும் சாக்கடைக்கு மாநகராட்சியும் ஊராட்சிகளும் பொறுப்பு. ஆலைக்கழிவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கரைக்குப் பக்கத்தில் சைட் போட அனுமதி கொடுப்பதோ நகர் ஊரமைப்புத் துறை. புகாரோடு போனா, "அது எங்க லிமிட் இல்லீங்க" என்ற பதில் எல்லா மேஜையிலும் தயாரா இருக்கு.

சரணாலயத்துக்கே இந்த நிலைமை. ஆண்டிபாளையம், சாமளாபுரம் குளங்களை யோசிச்சுப் பாருங்க. ஒன்றிய அரசின் 2017 ஈரநில விதிகள், வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது என்கின்றன. நல்ல விதிதான். ஆனால் பாசனத்துக்காக மனிதன் வெட்டிய நீர்நிலைகளை அதே விதிகள் கணக்கில் சேர்ப்பதில்லை. கொங்கு நாட்டுக் குளங்கள் பெரும்பாலும் பாசனத்துக்கு வெட்டியவைதானே! மிச்சம் இருப்பது, ஏரிகளை அளந்து ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லும் மாநிலத்தின் 2007-ஆம் ஆண்டுச் சட்டம். அது எல்லைக்கல்லோடு நின்றுவிடுகிறது. கல்லுக்கு வெளியே என்ன வரலாம், வரக்கூடாது என்று யார் சொல்வது?

இன்னொன்று. கரை மேம்பாடுன்னா கான்கிரீட் சுவரும் நடைபாதையும் கலர் லைட்டும்னு ஆகிப்போச்சு. ஸ்மார்ட் சிட்டியில் கோவை உக்கடம் பெரியகுளத்தில் பார்த்தோமே! சாயங்காலம் குடும்பத்தோடு நடக்க இடம் வேணும், மறுக்கல. ஆனா நீர்ப்பறவை இரை தேடுறது ஆழமில்லாத சேத்துக்கரையில. அதைச் சுவரா நிமிர்த்திட்டா பறவை எங்க நிக்கும்?

திட்டமில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. விவசாயி நிலத்தை இழந்தார். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது தொழிலாளி வேலையை இழந்தார். பத்து வருஷம் முன்னாடியே அதிகாரிகள் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தால் இரண்டையும் தவிர்த்திருக்கலாம்.

எனவே நம் கோரிக்கை: நொய்யல், நல்லாறு சார்ந்த அத்தனை குளங்களுக்கும் கலெக்டர் தலைமையில் ஒரே கரைத் திட்டம் வேண்டும். பாசனக் குளங்களுக்கும் 50 மீட்டர் விதியை மாநில அரசு அரசாணையாகக் கொண்டுவர வேண்டும். சாக்கடையை வாய்க்காலில் சேரும் முன்பே சுத்திகரிக்க வேண்டும். பூங்காவுக்கு டெண்டர் அதற்குப் பிறகு. அடுத்த கிராமசபையில் உங்க ஊர் குளத்தின் அளவை வரைபடத்தைக் கேளுங்க. காட்டலைன்னா, அதையே தீர்மானமாப் போடுங்க.

#குளக்கரை_காப்போம்