கம்பளிக் கடனில் வந்த கிரீடம்

இங்கிலாந்தின் ரோஜாப்பூப் போர்களைப் பற்றி எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் ஒரு வம்சாவளிப் படம் வரும். மூன்றாம் எட்வர்டின் எந்தப் பிள்ளை வழியில் யார் வந்தார்கள், யாருக்கு உரிமை அதிகம் என்று கோடு கோடாகக் கிழித்துக் காட்டுவார்கள். அடுத்து வாரிக் பிரபு வருவார். 'ராஜாக்களை உருவாக்கியவர்' என்று அவருக்கு ஒரு பட்டம். ரத்தத்தில் உரிமை, வாளில் வீரம், ஆகவே யார்க் கட்சி ஜெயித்தது. கதை முடிந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1459 அக்டோபரில் நாட்டை விட்டே ஓடிய கூட்டம், ஒன்பது மாதத்துக்குள் லண்டனுக்குள் எப்படி நுழைந்தது? இதற்கு அந்தக் கதையில் பதிலே கிடையாது. வம்சாவளி இரண்டு வருடத்திலும் ஒன்றுதான். வீரமும் அதே வீரம்தான். அப்படியானால் நடுவில் என்ன நடந்தது? வரவு செலவு நடந்தது.

முதலில் ஓடிய கதையைப் பார்க்கலாம். 1459 அக்டோபர் 12, லட்ஃபோர்ட் பாலம். ஒரு பக்கம் ஆறாம் ஹென்றியின் படை. அவர் பெயரில் காரியம் நடத்தியது ராணி மார்கரெட்டும் அவரைச் சுற்றி இருந்த பிரபுக்களும். மறுபக்கம் யார்க் டியூக் ரிச்சர்ட், சாலிஸ்பரி பிரபு, அவர் மகன் வாரிக். வாரிக் கலேயிலிருந்து கூட்டி வந்த வீரர்கள், ஆண்ட்ரூ ட்ரொலப் என்பவர் தலைமையில் ராஜா பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அவ்வளவுதான். தலைவர்கள் படையை அப்படியே போட்டுவிட்டு இரவோடு இரவாக நழுவினார்கள். யார்க் அயர்லாந்துக்கு. சாலிஸ்பரியும் வாரிக்கும், யார்க்கின் மூத்த மகன் எட்வர்டும் கலேக்கு. யார்க்கின் மனைவி செசிலியை லட்லோவிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அந்த ஊர் சூறையாடப்பட்டது. வீரம் பேசுகிறவர்கள் இந்த இரவை மட்டும் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

கலே என்பது பிரான்ஸ் கரையில் இருந்த ஊர். 1347 முதல் இங்கிலாந்தின் கையில் இருந்தது. இங்கிலாந்து கம்பளியில் பெரும்பகுதி அந்த ஊர் வழியாகத்தான் வெளிநாட்டுக்குப் போக வேண்டும் என்று சட்டம். அந்த வியாபாரத்தை நடத்தியது ஸ்டேப்பிள் கம்பெனி வியாபாரிகள். ராஜா சம்பளம் கொடுத்து நிரந்தரமாக வைத்திருந்த மிகப் பெரிய படையும் அங்கேதான் இருந்தது. சம்பளம் என்றைக்கும் பாக்கி. அந்தப் பாக்கியைத் தீர்க்க இந்த வியாபாரிகள்தான் திரும்பத் திரும்பக் கடன் கொடுத்தார்கள். படையும் பணமும் ஒரே மதிலுக்குள் இருந்த ஊர் அது. அதன் தளபதி வாரிக்.

இந்த நிலையில் அரசவை செய்த காரியங்களைப் பாருங்கள். 1459 நவம்பரில் கவென்ட்ரியில் பாராளுமன்றம் கூட்டி, ஓடியவர்கள் அத்தனை பேரையும் துரோகிகள் என்று அறிவித்தார்கள். நிலம், பட்டம், வாரிசுரிமை எல்லாம் பறிபோனது. தண்டித்தது சரி. ஆனால் சமரசத்துக்கு ஒரு வாசல்கூட வைக்காமல் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால், எதிராளிக்கு இழக்க என்ன பாக்கி? அடுத்து கலேயோடு வியாபாரம் செய்யக்கூடாது என்று தடை. வாரிக்கைப் பட்டினி போடும் திட்டம். பட்டினி கிடந்தது வியாபாரிதான்.

இங்கேதான் கடன் வேலை செய்தது. ஆயிரம் ரூபாய் கடன் கொடுத்தவன் கடன்காரனை மிரட்டுவான். வீட்டையே அடமானம் வைத்துக் கொடுத்தவன், கடன்காரனுக்கு ஜலதோஷம் வந்தால்கூட டாக்டரைக் கூட்டி வருவான். கலே வியாபாரிகள் இரண்டாவது ரகம். வாரிக் தோற்றால் கொடுத்ததெல்லாம் போச்சு. ஜெயித்தால் தடையும் போகும், பணமும் வரும். ஆகவே மேலும் கொடுத்தார்கள். அன்பினால் கொடுத்தார்களா, மதிலுக்குள் வாரிக்கின் படை இருந்த பயத்தால் கொடுத்தார்களா என்று விவாதிக்கலாம். பணம் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான்.

லண்டன் வியாபாரிகளுக்கும் அரசவை மேல் கோபம். 1456-லிருந்து அரசவை லண்டனை விட்டு மத்தியப் பகுதியிலேயே குடியிருந்தது. கலேயைத் தொடாமல் கம்பளி ஏற்றிப்போக இத்தாலிய வியாபாரிகளுக்குத் தனி அனுமதி கொடுத்தது. 1457-ல் பிரெஞ்சுக்காரர்கள் சாண்ட்விச் துறைமுகத்துக்குள் புகுந்து கொள்ளையடித்தபோது தடுக்க முடியவில்லை. வாரிக்கோ 1458-ல் வெளிநாட்டுக் கப்பல்களை மறித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். பச்சையாகச் சொன்னால் கடற்கொள்ளை. ஆனால் ராஜா செய்யாத கடல் காவலை இவராவது செய்கிறாரே என்று ஊரில் நல்ல பெயர்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 1460 ஜனவரியில் வாரிக்கின் ஆட்கள் சாண்ட்விச்சுக்குள் புகுந்து, அவர்களைத் தாக்கத் தயாராகிக்கொண்டிருந்த ரிவர்ஸ் பிரபுவைப் பிடித்துக் கலேக்குக் கொண்டு போனார்கள். யார்க்கை அயர்லாந்து பாராளுமன்றம் காப்பாற்றியது. அதற்கு விலையாக, அயர்லாந்தைத் தன் சட்டங்கள் மட்டுமே கட்டுப்படுத்தும் என்ற அறிவிப்பு. அதுவும் ஒரு பேரம்தான். ஜூன் 26-ல் வாரிக், சாலிஸ்பரி, எட்வர்ட் மூவரும் சாண்ட்விச்சில் இறங்கினார்கள். ஜூலை 2-ல் லண்டன், முதலில் கொஞ்சம் தயங்கிவிட்டு, கதவைத் திறந்தது. நகர சபை 1000 பவுண்டு கடனும் கொடுத்தது. ஜூலை 10-ல் நார்தாம்ப்டனில் போர். அங்கேயும் வாளை விடப் பேரம்தான் ஜெயித்தது. ராஜா படையிலிருந்த கிரே பிரபு கட்சி மாறி எதிரிகளை உள்ளே விட்டார். அரைமணி நேரத்தில் ராஜா கைதி.

ரத்த உரிமைதான் இவர்களைத் திரும்பக் கொண்டு வந்தது என்று இன்னும் சொல்கிறவர்கள் அந்த அக்டோபரைக் கொஞ்சம் படிக்கட்டும். லண்டனுக்குள் வந்தபோது இவர்கள் ராஜாவுக்கு விசுவாசமாக இருப்போம், கெட்ட ஆலோசகர்களை மட்டும் நீக்குவோம் என்றுதான் சத்தியம் செய்தார்கள். அக்டோபர் 10-ல் யார்க் வந்து சேர்ந்தார். வெஸ்ட்மின்ஸ்டரில் நேராகப் போய் சிம்மாசனத்தின் மேல் கையை வைத்தார். கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்தார். யாரும் தட்டவில்லை. ராஜாவைப் பார்க்க விரும்புகிறீர்களா என்று ஆர்ச்பிஷப் கேட்டார். சொந்தக் கட்சிக்காரர்களே சங்கடத்தில் நெளிந்தார்கள். கடைசியில் ஹென்றி இருக்கும்வரை அவரே ராஜா, பிறகு யார்க் என்று ஒப்பந்தம். அந்த உரிமைக்கு அன்றைய சந்தையில் இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

வீரத்தின் கணக்கு இன்னும் மோசம். டிசம்பர் 30-ல் வேக்ஃபீல்டில் யார்க் கொல்லப்பட்டார். 1461 பிப்ரவரி 17-ல் செயிண்ட் ஆல்பன்ஸில் வாரிக்கே மார்கரெட்டிடம் தோற்றார். கைதியாக இருந்த ராஜாவையும் பறிகொடுத்தார். போரில் ஜெயித்தவருக்கே நாடு என்றால் அன்றோடு யார்க் கட்சி முடிந்திருக்க வேண்டும். ஆனால் லண்டன் மார்கரெட்டுக்குக் கதவைத் திறக்கவில்லை. அவர் வடக்கே திரும்பினார். மார்ச் 4-ல் அதே நகரத்தில் எட்வர்ட் ராஜாவானார்.

கென்ட் மாவட்டத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்களே என்று கேட்கலாம். சேர்ந்தார்கள், உண்மை. நல்ல நிர்வாகம் வரும் என்ற வாக்குறுதியை நம்பிச் சேர்ந்தார்கள். அவர்களுடைய குறைகளும் நியாயமானவை. ஜெயித்த சூட்டோடு என்ன நடந்தது? 1460 ஜூலை முடிவதற்குள் வாரிக்கின் தம்பி சான்சலர். கலே தொடர்ந்து வாரிக்கிடம். ஜனங்களுக்குக் கிடைத்தது 1461 மார்ச் 29, டவுட்டன் போர்க்களம்.

கடன் கொடுத்தவர்கள் மட்டும் ஏமாறவில்லை. 1466-ல் நான்காம் எட்வர்ட் ஸ்டேப்பிள் கம்பெனியோடு ஓர் ஏற்பாடு செய்தார். அவர்களுக்கு அரசு தர வேண்டிய பாக்கி 32,000 பவுண்டுக்கு மேல். கலேயின் கம்பளி வரியை அவர்களே வசூலித்து, படைக்குச் சம்பளம் கொடுத்து, கடனையும் கழித்துக்கொள்ளலாம் என்று முடிவானது. வாக்குறுதியை நம்பி வந்த கென்ட் விவசாயிக்கு இப்படி ஓர் ஏற்பாட்டை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வம்சாவளிப் படத்தை முதல் பக்கத்தில் போடுகிறவர்கள், இந்த 1466 கணக்கை இரண்டாம் பக்கத்திலாவது போடட்டும்.