தானா கரையும் ஸ்டென்ட்: எந்தச் சிறுநீர்ல கரைஞ்சுது?

1/ "கிட்னி கல் ஆபரேஷனுக்கு அப்புறம் வைக்கிற ஸ்டென்ட்டை இனி எடுக்கவே வேண்டாம், தானா கரைஞ்சிடும்!" இப்படி ஒரு செய்தி அடிக்கடி சுத்துது. ஆய்வகத்தில் வெற்றி என்றும் போடுவாங்க. அதைப் பார்த்து கைதட்டுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: எந்தச் சிறுநீர்ல கரைஞ்சுது?

2/ முதல்ல அடிப்படை. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய்தான் யூரிட்டர். 25-30 செ.மீ. நீளம், உள்ளே சில மி.மீ. அகலம்தான். கல் எடுத்த பிறகு அது வீங்கி அடைச்சுக்கக் கூடாதுன்னு உள்ளே ஒரு மெல்லிய குழாய் வைப்போம். இரு முனையும் சுருண்டிருக்கும். அதுதான் டிஜே ஸ்டென்ட். 1978-லிருந்து இருக்கு.

3/ அதைக் குறித்த நாளில் எடுத்தாகணும். வலி போயிடுச்சுன்னு சிலர் திரும்பி வர்றதே இல்லை. மாசக்கணக்கில் உள்ளேயே கிடந்தா அதன் மேல் உப்பு படிஞ்சு கல்லாகும். அடைப்பு, தொற்று, கடைசியில் கிட்னியே போகலாம். அதனால கரையும் ஸ்டென்ட் வேணும். அதில் எனக்கு மறுப்பே இல்லை.

4/ என் சண்டை சோதனை முறையோடதான். ஆய்வகத்தில் என்ன செய்றாங்க? யூரியாவும் உப்புகளும் கலந்த செயற்கைச் சிறுநீரை 37 டிகிரியில் வெச்சு, அதில் ஸ்டென்ட் துண்டைப் போடுவாங்க. சில நாளுக்கு ஒருமுறை எடுத்து, காயவெச்சு எடை பார்ப்பாங்க. இழுத்துப் பார்த்து வலுவையும் அளப்பாங்க. தேவையான சோதனைதான். ஆனா இது முதல் படி மட்டுமே.

5/ ஏன்னா உங்க உடம்பு பீக்கர் இல்லை. சிறுநீரின் பிஹெச் 4.5-லிருந்து 8 வரை மாறும். இந்த ஸ்டென்ட்கள் பலவும் கரையும் தையல் நூல் வகைப் பாலிமரால் ஆனவை. தண்ணீர் பட்டுப் பட்டு பிணைப்பு அறும். காரத்தன்மை கூடினா இன்னும் வேகமா அறும்.

6/ புரோட்டியஸ் மாதிரி ஒரு கிருமி உள்ளே இருந்தா? அது யூரியாவை உடைச்சு அம்மோனியா ஆக்கி, சிறுநீரைக் காரமாக்கும். அதே காரத்தில் ஸ்ட்ருவைட் உப்பு படியும். ஒரு பக்கம் குழாய் கரையுது, இன்னொரு பக்கம் அது மேலேயே கல் கட்டுது. கிருமியே இல்லாத பீக்கர்ல இது எப்படித் தெரியும்?

7/ அடுத்து, யூரிட்டர் சும்மா கிடக்கிற பைப் இல்லை. நிமிஷத்துக்குச் சில தடவை சுருங்கிச் சுருங்கி சிறுநீரைக் கீழே தள்ளும். பாதி இத்துப்போன குழாய் அந்த அழுத்தத்தில் எங்கே ஒடியும்? "பாதி எடை குறைஞ்சுது"ன்னா அது மெல்லிய இழையா போயிருக்கலாம், ரெண்டு பெரிய துண்டா ஒடிஞ்சும் கிடக்கலாம். தராசுக்கு ரெண்டும் ஒண்ணு. யூரிட்டருக்கு அப்படி இல்லை.

8/ இது கற்பனை பயம் இல்லை. 2003-ல் அமெரிக்காவில் கரையும் ஸ்டென்ட் ஒன்றின் மனிதச் சோதனை முடிவு வெளிவந்தது. 80-க்கும் மேற்பட்ட நோயாளிகள். பெரும்பாலானவர்களுக்கு நல்லாவே வேலை செஞ்சுது. ஆனா 3 பேருக்கு 3 மாசம் தாண்டியும் துண்டுகள் உள்ளேயே நின்னு, அதை எடுக்கத் தனியா சிகிச்சை தேவைப்பட்டது. எடுக்க வேண்டாம்னு வெச்சதை எடுக்க வேண்டி வந்துச்சு!

9/ "பன்றியில் சோதிக்கிறாங்களே டாக்டர்?" ஆமா, பன்றியின் யூரிட்டர் நம்முடையதுக்கு ஓரளவு நெருக்கம். ஆனா சோதனைக்கு வர்றது பொதுவா ஆரோக்கியமான பன்றி. நம்ம வார்டுல படுத்திருக்கிறவருக்குச் சர்க்கரை, தொற்று, திரும்பத் திரும்ப வர்ற கல், எல்லாம் இருக்கு.

10/ "இப்படிக் குறை சொல்லிட்டே இருந்தா புதுசா எதுவும் வராது"ன்னு சிலர் வருவாங்க. நான் கேட்கிறது சோதனையைக் குறைக்க இல்லை, கூட்ட. ஓடும் சிறுநீரில், சுருங்கி விரியும் குழாயில், கிருமி உள்ள காரச் சிறுநீரில் சோதிங்க. எடையோட சேர்த்துத் துண்டின் அளவையும் எழுதுங்க. சராசரியைத் தலைப்பில் போட்டு, மோசமான முடிவை உள்ளே ஒளிக்காதீங்க. தோற்கணும்னா பீக்கரில் தோற்கட்டும். அங்கே யாருக்கும் கிட்னி போகாது.

11/ அதுவரைக்கும்? உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ ஸ்டென்ட் வெச்சிருந்தா டிஸ்சார்ஜ் சம்மரியை இப்பவே எடுத்துப் பாருங்க. எடுக்க வேண்டிய தேதி அதில் இல்லைன்னா நாளைக்கே டாக்டரைக் கேளுங்க. இன்னைக்கு உங்களுக்குள்ள இருக்கிறது கரையாத ஸ்டென்ட்தான். நீங்க மறந்தா அது தானா போகாது.