ஆலன் பேஜ்: களத்திலிருந்து நீதிபீடத்துக்கு

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிபவருக்கும் ஏந்தி ஓடுபவருக்கும்தான் புகழும் விருதும் போய்ச் சேரும். 1971இல் அந்த வழக்கம் உடைந்தது. தேசியக் கால்பந்து லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கு அசோசியேட்டட் பிரஸ் வழங்கும் விருதைத் தற்காப்பு வீரர் ஒருவர் முதன்முறையாகப் பெற்றார். அவர் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியின் ஆலன் பேஜ். அவருக்குப் பிறகு அந்த விருதைப் பெற்ற தற்காப்பு வீரர் லாரன்ஸ் டெய்லர் (1986) ஒருவரே.

பேஜ் 1945இல் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் பிறந்தார். நோட்டர் டேம் பல்கலைக்கழக அணி 1966இல் தேசிய சாம்பியனானபோது அதில் ஆடினார். அடுத்த ஆண்டு லீக்கின் புதிய வீரர் தேர்வில் வைக்கிங்ஸ் அணி முதல் சுற்றிலேயே அவரைத் தேர்ந்தெடுத்தது.

அவர் ஆடிய இடம் தற்காப்பு வரிசையின் நடுவில் உள்ள டிஃபென்ஸிவ் டாக்கிள். உடல் பருமனால் எதிரணியை மறிப்பதே அந்த இடத்தில் ஆடுபவர்களின் வழக்கம். பேஜ் வேகத்தை நம்பினார். பந்து அசைந்த கணத்தில் தடுப்பாளர்களுக்கிடையே புகுந்து, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவார். கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன் ஆகியோருடன் அவர் அமைத்த வரிசை 'பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்ஸ்' என்று பெயர் பெற்றது. வைக்கிங்ஸ் அணி லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்கு நான்கு முறை சென்றும் நான்கிலும் தோற்றது.

ஆடிக்கொண்டிருந்தபோதே மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1978இல் பட்டம் பெற்றார். நீண்டதூர ஓட்டத்தில் ஈடுபட்டதால் அவர் எடை குறைந்தது. அதே ஆண்டு வைக்கிங்ஸ் அவரை விடுவிக்க, சிகாகோ பேர்ஸ் அணிக்கு மாறி 1981 வரை ஆடினார். 15 பருவங்களில், லீக்கின் வழக்கமான ஆட்டங்களில் 218இல் தொடர்ந்து களமிறங்கினார்.

1988இல் கால்பந்துப் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். அது அமைந்திருப்பது அவர் பிறந்த கேன்டனில்தான். பதின்ம வயதில் அதன் கட்டுமானப் பணியில் அவரும் வேலை செய்திருந்தார். விழாவில் தம்மை அறிமுகப்படுத்த, பயிற்சியாளர் எவரையும் அழைக்காமல் பள்ளி முதல்வர் ஒருவரை அழைத்தார். தம் உரையிலும் கல்வியையே வலியுறுத்தினார். அதே ஆண்டு மனைவி டயானுடன் சேர்ந்து பேஜ் கல்வி அறக்கட்டளையை நிறுவினார். சிறுபான்மை இன மாணவர்களின் மேற்படிப்புக்கு அது நிதி தருகிறது. நிதி பெறுவோர் பள்ளிச் சிறுவர்களுக்கு வழிகாட்ட வேண்டும்.

1992இல் மின்னசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதியாக மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி அவரே. 70 வயது நிறைந்ததும், சட்டப்படி 2015இல் ஓய்வு பெற்றார். 2018இல் நாட்டின் உயரிய குடிமை விருதான சுதந்திரப் பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது. விளையாட்டில் கிடைத்த பெயரைக் கல்விக்கும் நீதிக்கும் பயன்படுத்தியதே பேஜின் மிகப் பெரிய சாதனை.