யூரின் கல்ச்சரில் ‘நோ குரோத்’: கிருமியே இல்லை என்று அர்த்தமா?

பழவேற்காடு ஏரியை நம்பி வாழும் எளாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், எழுபது வயதுப் பெரியவர் ஒருவருக்கு நீர்க்கடுப்பு என்று வைத்துக்கொள்வோம். ப்ராஸ்டேட் வீக்கம் ஏற்கெனவே உண்டு. இப்போது எரிச்சலும் சேர்ந்துகொள்ள, ராத்திரியில் ஏழெட்டு முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரையில் ரெண்டு நாள் குறைந்த மாதிரி இருந்தது. திரும்ப வந்துவிட்டது. மகன் கும்மிடிப்பூண்டிக்குக் கூட்டிப்போய் டெஸ்ட் எடுக்கிறார். சிறுநீரில் சீழ் செல்கள் எக்கச்சக்கம். ஆனால் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஒரே வரி: ‘நோ குரோத்’. “இன்ஃபெக்‌ஷன் எதுவும் இல்லப்பா, அப்பாவ நல்லா தண்ணி குடிக்கச் சொல்லு” என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

அங்கேதான் முடியக் கூடாது.

கல்ச்சர் என்பது சிறுநீரைச் சத்துள்ள ஒரு தட்டில் தடவி, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. வழக்கமாகச் சாதாரணக் காற்றில், 37 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு வைத்துவிட்டு மறுநாள் காலையில் பார்ப்பார்கள். சிறுநீர்ப் பாதைத் தொற்றுகளில் பெரும்பாலானவற்றை உண்டாக்கும் ஈ.கோலை போன்ற கிருமிகளுக்கு இது தாராளம். ஆனால் ஆக்சிஜன் பட்டாலே வளராத கிருமிகளும் இருக்கின்றன. கார்பன் டை ஆக்சைடு கூடுதலாக இருந்தால்தான் தலைகாட்டுபவையும் இருக்கின்றன. இவற்றுக்கு ரெண்டு, மூணு நாள் கூட ஆகலாம். மறுநாள் காலையிலேயே தட்டைத் தூக்கிப் போட்டால் எப்படித் தெரியும்?

இதற்குச் சரியான உதாரணம் ஆக்டினோடிக்னம் ஷாலியை. 1997-ல் வேறொரு பெயரில் விவரிக்கப்பட்டு, 2015-ல் இந்தப் பெயருக்கு மாறிய கிருமி. வயதானவர்கள், அதிலும் ப்ராஸ்டேட் பிரச்சினை, சிறுநீர் அடைப்பு, கதீட்டர் என்று இருப்பவர்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது. டென்மார்க்கில் 252 சிறுநீர் மாதிரிகளை பி.சி.ஆர் முறையில் சோதித்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். 60 வயதைத் தாண்டியவர்களின் மாதிரிகளில் 22 சதவீதத்தில் இந்தக் கிருமி இருந்தது. அபூர்வம் என்று நினைத்தது அவ்வளவு அபூர்வமில்லை. தேடிய விதம்தான் சரியில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சிறுநீரில் குச்சியை நனைத்துப் பார்க்கும் சோதனையில் நைட்ரைட் இருந்தால் தொற்று என்று சந்தேகிப்பார்கள். ஈ.கோலை நைட்ரைட்டை உண்டாக்கும், இது உண்டாக்காது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும், தோலில் சாதாரணமாக இருக்கும் கிருமி கலந்துவிட்டது என்று ஒதுக்கிவிட வாய்ப்பு அதிகம். கடைசியில் மருந்து. நீர்க்கடுப்பு என்றதும் கை போகும் சிப்ரோஃப்ளாக்சசினும் கோட்ரைமாக்சசோலும் இதற்குப் பல நேரம் வேலை செய்யாது. அமாக்சிசிலின் வகை மருந்துகளுக்குப் பொதுவாகக் கட்டுப்படும். (இதைப் படித்துவிட்டு நேரே மெடிக்கல் ஷாப்புக்குப் போக வேண்டாம், எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.) கவனிக்காமல் விட்டால் ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதற்கெல்லாம் கோடி ரூபாய் மெஷின் வேண்டும் என்பது பாதி உண்மைதான். கிருமியின் பெயரைத் துல்லியமாகச் சொல்ல பெரிய லேப் தேவை. ஆனால் சந்தேகப்பட அது தேவையில்லை. சீழ் செல் நிறைய இருந்து, கல்ச்சரில் எதுவும் வளராவிட்டால், அதே சிறுநீரில் ஒரு கிராம் ஸ்டெயின் செய்து பார்க்கலாம். கண்ணாடித் துண்டில் கிருமி தெரிகிறது, தட்டில் வளரவில்லை என்றால் அதுவே பெரிய துப்பு. பிறகு ஒரு ரத்த அகார் தட்டை மூடிய ஜாடிக்குள் வைத்து, உள்ளே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி மூடினால், அது அணையும்போது கார்பன் டை ஆக்சைடு கூடியிருக்கும். மைக்ரோபயாலஜி படித்தவர்களுக்கு இது பழைய பாடம். ஆக்சிஜன் அறவே இல்லாத ஜாடி இருந்தால் இன்னும் நல்லது. ரெண்டு நாள் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். இதைத் தாலுகா அளவிலேயே கேட்பது பேராசை இல்லை.

எல்லோருக்கும் செய்யச் சொல்லவில்லை. வயதானவர்கள் சிலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். அதற்கெல்லாம் மருந்து கொடுத்தால் கெடுதல்தான் மிச்சம். ஆக்சிஜனே ஆகாத கிருமிகள் சிறுநீர் வெளியேறும் இடத்தில் இயல்பாகவே குடியிருப்பதால், பிடித்துக் கொடுத்த சிறுநீரில் அவை வளர்ந்தாலும் அதை நம்ப முடியாது. அதற்கு அடிவயிற்றில் ஊசி போட்டு நேராகச் சிறுநீர்ப்பையிலிருந்து எடுக்க வேண்டும். அந்த முடிவு டாக்டருடையது. ‘நோ குரோத்’துக்கு வேறு காரணங்களும் உண்டு. முன்பே ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கலாம். நம்மூரில் மறக்கவே கூடாதது சிறுநீரக காசநோய். அதுவும் சாதாரண கல்ச்சரில் வளராது, அதற்குத் தனிச் சோதனை.

கிராமத்திலிருந்து போகிறவர்களுக்குத் தூரமும் ஒரு பிரச்சினை. வீட்டில் பிடித்த சிறுநீரை வெயிலில் பஸ்ஸிலும் ரயிலிலும் மணிக்கணக்கில் கொண்டுபோனால், வேகமாக வளரும் கிருமிகள் பெருகி மெதுவாக வளர்வதை மூடிவிடும். லேபுக்கே போய், முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுப்பதுதான் சரி. அந்தப் பெரியவரின் மகன் அடுத்த தடவை டாக்டரிடம் மூன்று விஷயம் சொன்னால் போதும்: அப்பாவுக்கு ப்ராஸ்டேட் வீக்கம் இருக்கு, இந்தந்த மாத்திரை சாப்பிட்டார், சீழ் இருந்தும் கல்ச்சரில் ஒண்ணும் வரலை. இதையே டாக்டர் லேப் சீட்டில் ஒரு வரி எழுதிவிட்டால், லேபில் இருப்பவர் அந்தத் தட்டை மறுநாள் காலையில் தூக்கிப் போட மாட்டார்.