கணினி: வாங்குவதா, கோப்பதா?

நுழையும்முன்

தை அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் வீடு வந்து சேரும்போது, காவிரிப் படுகையின் குடும்பங்களில் பிள்ளையின் படிப்புக்குக் கணினி வாங்கும் பேச்சும் எழுகிறது. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் கணினியை வாங்குவதா, உறுப்புகளைத் தேர்ந்து நாமே கோப்பதா? விலையில் தொடங்கும் இவ்வினா அறிவிலும் உரிமையிலும் சென்று முடிவதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

அறுவடைப் பணமும் கணினியும்

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மேல்நிலை முதலாமாண்டு பயிலும் மாணவி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். சம்பா நெல் விற்ற தொகையில் உரக்கடனும் ஆள்கூலியும் போக எஞ்சியதில் ஒரு பகுதியை அவருடைய தந்தை கணினிக்கென ஒதுக்குகிறார். அடுத்த பெருந்தொகை கைக்கு வர, அடுத்த அறுவடை வரவேண்டும். மேட்டூர் அணை சூன் 12ஆம் நாள் திறக்கப்படுமா, வடகிழக்குப் பருவமழை கதிர் முற்றும் வேளையில் வயலை மூழ்கடிக்காமல் இருக்குமா என்பனவற்றைப் பொறுத்தே அதுவும் அமையும். ஆகவே, இவ்வீட்டிற்கு வரும் கணினி ஈராண்டில் ஓய்ந்துவிடக் கூடாது. அவர் கல்லூரிப் படிப்பை முடிக்கும்வரை உழைக்கவேண்டும். இந்த நிலையில் நின்றே இரு வழிகளையும் எடைபோட வேண்டும்.

ஒரு கூடு, ஐந்து உறுப்புகள்

மேசைக்கணினியின் கூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பவை பெரும்பாலும் ஐந்தே உறுப்புகள்: செயலி, தாய்ப்பலகை, நினைவகம், சேமிப்பகம், மின்வழங்கி. இறுதியாகச் சொன்னதைக் கடைத்தெருவில் எஸ்.எம்.பி.எஸ். என்பர். 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை வெளியிட்டபோது, அதன் அமைப்பு விவரங்களையும் நூலாக வெளியிட்டது. அதனால், பிற நிறுவனங்களும் அதற்குப் பொருந்தும் உறுப்புகளைச் செய்ய முடிந்தது. ஒருவர் செய்த தாய்ப்பலகையில் மற்றொருவர் செய்த நினைவகம் இன்று பொருந்துவது இந்த மரபின் பயனே ஆகும். சென்னை ரிச்சி தெருவின் கணினிக் கடைகள் இந்தப் பொருத்தத்தை நம்பியே வாழ்கின்றன.

விலையின் இரு பக்கங்கள்

நாமே கோத்தால் எப்போதும் மலிவு என்று பலர் கருதுகின்றனர். குறைந்த விலைக் கணினியைப் பொறுத்தவரை இக்கருத்து முழுமையாகச் சரியன்று. பெருநிறுவனங்கள் உறுப்புகளை மொத்தமாக வாங்குவதால் அவற்றின் அடக்கவிலை குறைகிறது. விண்டோஸ் போன்ற இயக்குதளத்தின் உரிமமும் பெரும்பாலும் அவ்விலையிலேயே அடங்கிவிடுகிறது. பழுது நேர்ந்தால் ஒரே இடத்தில் முறையிடலாம். கோத்த கணினியிலோ ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனி உத்தரவாதம்; பழுதடைந்தது எது என்பதை நாமே கண்டறிந்து, உரிய சேவை மையத்தை நாடவேண்டும். இவை புறக்கணிக்கத்தக்க நன்மைகள் அல்ல.

எனினும், மலிவான கணினியில் விலை எங்கே குறைக்கப்படுகிறது என்பதையும் கேட்க வேண்டும். செயலியின் பெயரைப் பெட்டியின்மீது பெரிதாக அச்சிடுவர். மின்வழங்கியின் தரத்தை யாரும் அவ்வாறு அச்சிடுவதில்லை. நினைவகம் தேவைக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். சில கணினிகளில் மின்வழங்கியும் தாய்ப்பலகையும் அந்நிறுவனத்திற்கே உரிய தனி வடிவில் அமைந்திருக்கும்.

எங்கள் வீட்டிலும் இத்தகைய கணினி ஒன்று இருந்தது. வாங்கிய இரண்டாம் ஆண்டு, மழைக்கால இரவொன்றில் மின்சாரம் போய்த் திரும்பியபோது அதன் மின்வழங்கி செயலிழந்தது. உத்தரவாதக் காலம் முடிந்திருந்தது. தஞ்சையிலும் திருச்சியிலும் தேடியும் அந்த வடிவில் வேறொன்று கிடைக்கவில்லை. மற்ற உறுப்புகள் எல்லாம் நலமாக இருந்தும் முழுக்கணினியும் பரணேறியது. ஒரேயோர் உறுப்பு பொருந்தாமற் போனதால், நாங்கள் கொடுத்த விலை முழுவதும் வீணானது. பம்புசெட்டுகள் ஒருசேர ஓடும் வேளையில் மின்னழுத்தம் தாழ்ந்து உயரும் ஊர்களில், செயலியின் வேகத்தைவிட மின்வழங்கியின் தரமே முதன்மையானது என்பதை அன்றே உணர்ந்தேன்.

வீணை கற்பிக்கும் பாடம்

பழுதுபார்க்கத்தக்க பொருளுக்குத் தஞ்சை மண்ணிலேயே சான்று உண்டு. புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணை பலா மரத்தால் செய்யப்படுகிறது. அதன் 24 மெட்டுகளும் மெழுகுக் கலவையின்மேல் பதிக்கப்படுகின்றன. நாளடைவில் மெழுகு தளர்ந்து சுருதி பிசகினால், கைவினைஞர் மெட்டுகளை எடுத்துவிட்டு மீண்டும் சுருதி பார்த்துப் பதிக்கிறார். தேய்ந்ததை மாற்ற இடம் வைத்துச் செய்ததனால், ஒரே வீணையைத் தாயும் மகளும் பெயர்த்தியும் வாசிக்க முடிகிறது.

கோத்த கணினிக்கும் இவ்வியல்பு உண்டு. இந்தத் தையில் நல்ல மின்வழங்கி, வரைகலைத் திறனும் உள்ளடங்கிய செயலி, தாய்ப்பலகை, ஒற்றை நினைவகம், சிறிய எஸ்.எஸ்.டி. ஆகியவற்றோடு தொடங்கலாம். அடுத்த அறுவடையில் மற்றொரு நினைவகத்தைச் செருகலாம். அதற்கடுத்து, சேமிப்பகத்தைப் பெரிதாக்கலாம். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் பணம் வரும் வீட்டின் வரவோடு இம்முறை இயைந்து செல்கிறது. பழுதான ஓர் உறுப்பை மட்டும் மாற்றுவதால் மின்னணுக் கழிவும் குறைகிறது.

பழுதுபார்க்கும் உரிமை

வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கவும், உதிரி உறுப்புகளைப் பெறவும், விரும்பிய இடத்தில் பழுதுபார்க்கவும் நுகர்வோருக்கு உரிமை வேண்டும் என்ற குரல் உலகெங்கும் ஒலிக்கிறது. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், தேசிய நுகர்வோர் நாளன்று, இதற்கென இணையவாயில் ஒன்றை ஒன்றிய அரசு தொடங்கியது. கைப்பேசி, வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகியவற்றுடன் வேளாண் கருவிகளும் அதில் இடம்பெற்றன. டிராக்டரின் உதிரி உறுப்புக்காக நடவு நாளில் காத்துக் கிடந்த உழவருக்கு, கணினியில் இவ்வுரிமை ஏன் தேவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வுரிமைக்கு ஈடான கடமையும் உண்டு. கோத்த கணினியில் உரிமம் பெறாத இயக்குதளத்தை நிறுவித் தரும் வழக்கம் சில கடைகளில் காணப்படுகிறது. அது சட்டத்திற்குப் புறம்பானது. தீநிரல்களுக்கும் வாயில் திறந்துவிடும். சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற கட்டற்ற இயக்குதளங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றில் தமிழிலும் பணியாற்றலாம்.

எது ஏற்றது?

அடுத்த வாரமே கணினி தேவை, உடனிருந்து வழிகாட்ட எவருமில்லை என்னும் நிலையில் ஆயத்தக் கணினியை வாங்குவதே அறிவுடைமை. அப்போதும் மூன்று வினாக்களைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டும்: நினைவகத்தைக் கூட்ட இடம் உள்ளதா? மின்வழங்கி பொதுவடிவில் உள்ளதா? கூட்டைத் திறந்தால் உத்தரவாதம் நீங்குமா?

காத்திருக்கச் சில வாரங்களும், கேட்டுத் தெளிய ஓர் ஆசிரியரோ நண்பரோ இருந்தால், நாமே கோப்பதே சிறந்தது என்பது என் கருத்து. தாய்ப்பலகைக்கு ஏற்ற செயலியும் நினைவகமும் எவை என்று படித்தறிந்து தேர்தல், மின்னிணைப்பை நீக்கிவிட்டு வேலை செய்தல், உடலில் தேங்கிய நிலைமின்னூட்டம் நீங்க வண்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுதல், செயலியை அழுத்தாமல் அதன் இடத்தில் அமர்த்துதல் ஆகியவற்றில் கவனம் இருந்தால் போதும். ஒரு விடுமுறைப் பகலில் பணி முடிந்துவிடும். அன்று அந்த மாணவி கற்றுக்கொள்வது, பின்னாளில் பள்ளியின் கணினி நின்றாலும் பக்கத்து வீட்டுக் கணினி நின்றாலும் அதன் கூட்டைத் திறந்து பார்க்கும் துணிவை அவருக்குத் தரும். தந்தை நெல் விற்றுக் கொடுத்த பணத்திற்கு அதுவும் ஒரு விளைச்சலே ஆகும்.