சிறு கண்டுபிடிப்புக்கு வேலி இல்லை

கோல்ஃப் ஆட்டத்தில் முதல் அடிக்கு முன் பந்தைத் தாங்கி நிற்கும் சிறு முளைக்கு 'டீ' என்று பெயர். ஈர மணலைக் கையால் குவித்து அதன் மீது பந்தை வைப்பதே ஒரு காலத்தில் பெருவழக்காக இருந்தது. பாஸ்டன் நகரின் கறுப்பினப் பல் மருத்துவரான ஜார்ஜ் கிராண்ட் மரத்தாலான முளை ஒன்றை உருவாக்கி, 1899-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அத்தனை எளிய பொருளையும் அந்நாட்டுச் சட்டம் கண்டுபிடிப்பாக மதித்தது.

விளையாட்டுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற மீரட்டிலோ ஜலந்தரிலோ ஒரு சிறு பட்டறைக்காரர், எளிதில் உடையாத புதிய டீ ஒன்றைச் செய்தால் அவருக்கு இங்கு என்ன பாதுகாப்பு?

1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்துக்குப் புதுமை மட்டும் போதாது. துறை அறிந்தவருக்கு எளிதில் புலப்படாத முன்னேற்றமும் அதில் இருக்க வேண்டும். சிறிய திருத்தங்கள் பல இந்தத் தடையிலேயே விழுந்துவிடுகின்றன. பொருளை முதலில் சந்தையில் விற்றுப் பார்த்துவிட்டுப் பிறகு விண்ணப்பித்தாலோ, புதுமையும் போயிற்று. பட்டறைக்காரர்கள் வழக்கமாகச் செய்வது அதைத்தான்.

2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு தருகிறது. ஆனால், அது கண்ணுக்குத் தெரியும் தோற்றத்துக்கு மட்டுமே. பொருள் இயங்கும் விதத்துக்கு அல்ல. தோற்றத்தை மாற்றிவிட்டு உத்தியை எடுத்துக்கொள்பவரை அச்சட்டம் தடுக்காது.

இந்த இடைவெளியை நிரப்பவே ஜெர்மனி 1891-லேயே 'பயன்பாட்டு மாதிரி' என்ற குறுகிய காலக் காப்புரிமையைக் கொண்டுவந்தது. சீனத்திலும் 10 ஆண்டு காலத்துக்கு அந்த உரிமை உண்டு. தில்லியிலோ, தொழில் கொள்கை மற்றும் மேம்பாட்டுத் துறை 2011-ல் இதுகுறித்து ஒரு விவாத அறிக்கை வெளியிட்டதோடு சரி, சட்டம் வரவில்லை.

மருந்து நிறுவனங்கள் இதைக் கொல்லைப்புற வழியாக்கி 3(டி) பிரிவை நீர்த்துப்போகச் செய்யும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்காகச் சட்டமே வேண்டாம் என்பது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாகும். மருந்தையும் வேதிப்பொருள்களையும் அறவே விலக்கி, இயந்திர உத்திகளுக்கு மட்டும் பொருந்தும் மசோதா ஒன்றை வர்த்தக அமைச்சகம் நாடாளுமன்றத்தின் முன் வைக்க எந்தத் தடையும் இல்லை.